கடல் காக்கும் அமைப்புகளுக்கு, மீன் வாங்கிச் சமைக்கும் ஒருவனின் மடல்

சிங்கப்பூரில் கடலுக்காகவும் மீனுக்காகவும் குரல் கொடுத்துவரும் சுற்றுச்சூழல் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

தேக்கா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று வெளியே சமைத்து அனுப்புவதும் உண்டு. போன தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு உங்களைப் போன்ற ஓர் அமைப்பிலிருந்து ஒரு தம்பியும் ஒரு தங்கச்சியும் கடைக்கு வந்தார்கள். கையில் ஒரு சுவரொட்டி, ஓர் உறுதிமொழித் தாள். "2048இல் கடலில் மீன் இருக்காது" என்று சுவரொட்டியில் கொட்டை எழுத்து. அவர்கள் கொண்டுவந்த மீன் பட்டியலில் சிவப்பு நிறமிட்ட எந்த மீனையும் இனி வாங்குவதில்லை என்று தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். டீ கொடுத்து உட்காரவைத்துப் பேசினேன். கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று அந்தத் தங்கச்சி கேட்டார். மத்தியானக் கூட்டம் வந்துகொண்டிருந்த நேரம். அரைகுறையாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். முழுப் பதிலை அந்தச் சுவரொட்டியை அச்சடித்தவர்களுக்கே எழுதலாம் என்றுதான் இந்த மடல்.

உங்கள் வேலை வேண்டாத வேலை என்று நினைக்கிறவன் இல்லை நான். "கடல் எவ்வளவு பெரிசு, அது எங்கே தீரப்போகிறது" என்று பேசுகிறவர்கள் என் தொழிலில் இன்னும் இருக்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்கும் எரிச்சல்தான் வரும். வவ்வால் விலை எங்கே போய் நிற்கிறது, தட்டில் கிடக்கும் வவ்வால் எப்படிச் சிறுத்துவிட்டது என்பதெல்லாம் வாங்குகிறவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011, 2012 வாக்கில் கோல்ட் ஸ்டோரேஜ், ஃபேர்பிரைஸ் பேரங்காடிகள் சுறாத் துடுப்பு விற்பதை நிறுத்தின என்றால் அதற்குப் பின்னால் உங்களைப் போன்றவர்களின் உழைப்பு இருக்கிறது. அதை மறுக்கிறவன் நன்றி கெட்டவன்.

என் வருத்தம் வேறு. அறிவியலின் பெயரைச் சொல்லி ஒரு வாதத்தை வைத்தால், அந்த அறிவியல் நமக்குச் சாதகமாகப் பேசும் நாளிலும் பாதகமாகப் பேசும் நாளிலும் ஒரே மரியாதை கொடுக்க வேண்டும். பிடிக்கிறபோது எடுத்துக்கொண்டு பிடிக்காதபோது ஒதுக்கிவைத்தால் அது விளம்பரம்.

அந்த 2048இலிருந்தே தொடங்குகிறேன். அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 2006 நவம்பரில் 'சயன்ஸ்' ஆய்விதழில் கனடாவின் போரிஸ் வார்ம் என்ற கடல் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடலில் உயிரின வகைகள் குறைந்தால் நமக்கு என்னென்ன நட்டம் என்பதுதான் அதன் பேச்சு. அதில் ஒரு மூலையில் ஒரு கணக்கு. ஒரு மீன் இனத்தின் ஆண்டுப் பிடிப்பு, முன்பு எப்போதோ எட்டிய உச்சத்தில் பத்து விழுக்காட்டுக்குக் கீழே போனால் அது 'சரிந்துவிட்டது' என்று வைத்துக்கொண்டார்கள். அந்த அளவுகோலில் 2003இல் 29 விழுக்காடு இனங்கள் சரிந்திருந்தன. அந்தக் கோட்டை அப்படியே முன்னால் இழுத்தால் நூறு விழுக்காட்டைத் தொடும் ஆண்டு 2048. அவ்வளவுதான் கதை. செய்தித்தாள்கள் அதைத் தூக்கிப் பிடித்தன. கட்டுரையின் மற்ற பக்கங்களை யாரும் சீண்டவில்லை.

பிடிப்பு குறைந்தால் மீன் குறைந்துவிட்டது என்று அர்த்தமாகிவிடுமா? அரசாங்கம் ஒதுக்கீட்டைக் குறைத்தாலும் பிடிப்பு குறையும். விலை விழுந்தாலும் குறையும், டீசல் விலை ஏறினாலும் குறையும். என் கடையில் ஒரு மாதம் பிரியாணி கொஞ்சமாக விற்றது என்பதை வைத்து ஊரில் அரிசி தீர்ந்துவிட்டது என்று யாராவது எழுதினால் எப்படி இருக்கும்? அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரே ஹில்போர்ன் உள்ளிட்ட மீன்வள ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைத்தான் அப்போதே கேட்டார்கள்.

அடுத்து நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்த இரண்டு அணியும் ஆளுக்கொரு மூலையில் நின்று திட்டிக்கொண்டிருக்காமல் ஒன்றாக உட்கார்ந்தன. பிடிப்புக் கணக்கை மட்டும் நம்பாமல், கடலுக்குள் எவ்வளவு மீன் இருக்கிறது என்ற மதிப்பீடுகளையும் ஆய்வுக் கப்பல்களின் தரவுகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். 2009இல் வார்ம், ஹில்போர்ன் இருவர் பெயரும் முன்னால் இருக்க, அதே 'சயன்ஸ்' இதழில் புதிய கட்டுரை வந்தது. நன்றாக ஆராயப்பட்ட பத்துக் கடற்பகுதிகளில் ஐந்தில் மீன்பிடி அழுத்தம் குறைந்துகொண்டு வருகிறது. ஆனாலும் மதிப்பிடப்பட்ட மீன் இருப்புகளில் 63 விழுக்காடு இன்னும் மீள வேண்டிய நிலையில் இருக்கின்றன என்றது அது. கவலைப்படவும் காரணம் இருந்தது, நம்பிக்கை வைக்கவும் காரணம் இருந்தது.

2006க்கும் 2009க்கும் நடுவில் மூன்றே ஆண்டுகள். அந்த 2009க்குப் பிறகும் எத்தனையோ ஆண்டுகள் ஓடிவிட்டன. உங்கள் சுவரொட்டி மட்டும் 2006இலேயே நிற்கிறது. 2021இல் இணையத்தில் பரவலாகப் பார்க்கப்பட்ட ஓர் ஆவணப்படமும் அதே 2048ஐத் தூசி தட்டி எடுத்துக் காட்டியது. அதைப் பார்த்துவிட்டு என் கடையில் மீன் தொடுவதை விட்டவர்கள் இருக்கிறார்கள். அவரவர் விருப்பம், சரி. ஆனால் அந்த வருடம் வந்து, மீனும் வந்துகொண்டே இருந்தால், அதற்கடுத்து நீங்கள் உண்மையாகவே ஓர் அபாயத்தைச் சொல்லும்போது யார் காது கொடுப்பார்கள்?

எனக்குக் கேட்டால் உண்மையான எண்களே போதுமான அளவு பயமுறுத்துகின்றன. உலக உணவு, வேளாண் அமைப்பு 1974இல் கணக்கெடுத்தபோது மீன் இருப்புகளில் ஏறக்குறைய 90 விழுக்காடு தாங்கக்கூடிய அளவில் இருந்தன. 2024இல் அது வெளியிட்ட அறிக்கைப்படி 2021ஆம் ஆண்டு நிலவரம் 62.3 விழுக்காடு. மிச்சம் 37.7 விழுக்காடு அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகின்றன. மூன்றில் ஒன்றுக்கும் மேல்! இதைச் சுவரொட்டியில் போட்டால் குறைந்தா போய்விடும்?

அதே அறிக்கையில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. கரைக்கு வரும் மீனை எடைபோட்டுப் பார்த்தால் 76.9 விழுக்காடு, தாங்கக்கூடிய நிலையில் உள்ள இருப்புகளிலிருந்து வருகிறது. பெரிய பெரிய மீன்வளங்கள் ஓரளவு ஒழுங்காக நிர்வகிக்கப்படுவதால் இந்த வேறுபாடு. மீன் வியாபார சங்கத்துக்காரர்கள் 77ஐச் சொல்வார்கள், நீங்கள் 37ஐச் சொல்வீர்கள். இரண்டும் பொய் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்கிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இங்கே ஹில்போர்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. மீன்பிடித் தொழிலிடமிருந்து அவருடைய ஆய்வுகளுக்குப் பணம் வந்தது, அதை அவர் உரிய இடங்களில் வெளிப்படையாகச் சொல்லவில்லை என்று 2016இல் கிரீன்பீஸ் அமைப்பு அவருடைய பல்கலைக்கழகத்தில் புகார் கொடுத்தது. விதிமீறல் இல்லை என்று பல்கலைக்கழகம் முடிவு சொன்னது. யார் பணத்தில் ஆய்வு நடக்கிறது என்று கேட்பது நியாயமான கேள்வி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கேள்வி உங்கள் பக்கத்து ஆய்வுகளுக்கும் பொருந்தும். நன்கொடை சேர்க்கும் அமைப்புக்கும், பயமுறுத்தும் எண்ணில் ஒரு லாபம் இருக்கத்தானே செய்கிறது. பணத்தைக் கேட்டு முடித்த பிறகு எண்ணையும் பார்க்க வேண்டும். ஆளைச் சாடிவிட்டு எண்ணைத் தொடாமல் போவது சரியில்லை.

நீங்கள் அறிவியலைச் சரியாகப் பிடித்துக்கொண்ட இடங்களும் இருக்கின்றன, அவற்றை நான் மறக்கவில்லை. அட்லாண்டிக்கின் நீலத்துடுப்புச் சூரை கதை ஒன்று போதும். கிழக்கு அட்லாண்டிக்கிலும் மத்தியதரைக் கடலிலும் ஆண்டுக்கு 15,000 டன்னுக்குமேல் பிடிக்க வேண்டாம் என்று 2006இல், அட்லாண்டிக் சூரைப் பிடிப்பை முறைப்படுத்தும் அனைத்துலக ஆணையத்தின் விஞ்ஞானிகள் சொன்னார்கள். அரசாங்கங்கள் கூடிப் பேசி 29,500 டன் என்று முடிவெடுத்தன. சொந்த விஞ்ஞானிகளின் பேச்சுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு! அப்போது தெருவில் இறங்கியவர்கள் சுற்றுச்சூழல் அமைப்புகள்தான். அவர்கள் புதிதாக எந்த எண்ணையும் உண்டாக்கவில்லை, "உங்கள் விஞ்ஞானிகள் சொன்னதைச் செய்யுங்கள்" என்று மட்டும் கேட்டார்கள். 2010இல் தோஹாவில் அந்தச் சூரையின் அனைத்துலக வணிகத்தையே தடை செய்ய மொனாக்கோ கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. ஆனால் நெருக்குதல் வேலை செய்தது. 2011க்கான ஒதுக்கீடு 12,900 டன்னுக்கு இறங்கியது. மீன் திரும்பி வந்தது. 2021இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அந்த இனத்தை 'அருகிவரும்' பட்டியலிலிருந்து எடுத்து, கவலை குறைந்த பட்டியலில் வைத்தது. இவ்வளவு பெரிய வெற்றி! இதற்கு ஒரு சுவரொட்டி அடித்தீர்களா? நான் பார்க்கவில்லை.

விஞ்ஞானிகள் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்புங்கள் என்று நான் சொல்லவரவில்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் அரசாங்க விஞ்ஞானிகளே காட் மீன் இருப்பை அளவுக்கு மீறிக் கணக்கிட்டார்கள். பெரிய இழுவைக் கப்பல்களுக்கு நிறைய மீன் கிடைக்கிறது, ஆகவே கடலில் நிறைய இருக்கிறது என்பது அவர்கள் போட்ட கணக்கு. மிச்சமிருந்த மீன் ஒரே இடத்தில் கூடியதையும், கப்பலின் கருவிகள் அதைத் தேடிப் பிடித்ததையும் கணக்கு கவனிக்கவில்லை. கரையோரத்தில் சின்னப் படகு வைத்திருந்தவர்கள் வலையில் மீன் சிறுத்துவருகிறது, குறைந்துவருகிறது என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். கேட்கவில்லை. 1992 ஜூலையில் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. முப்பதாயிரம் பேர் அளவில் வேலை போயிற்று.

நம்ம பக்கத்திலும் இந்த இழுபறி உண்டு. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது. நாகப்பட்டினம் பக்கம் இருக்கும் என் சொந்தக்காரர்களிடம் கேட்டால், "எல்லா மீனும் ஒரே மாதத்திலா முட்டையிடுகிறது?" என்று திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதே ஆட்கள் இழுவை மடி கடலின் அடியைச் சுரண்டுவதைப் பற்றிப் பேச்செடுத்தால் மெல்ல வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்கள். இலங்கை 2017இல் இழுவை மடியையே சட்டம் போட்டுத் தடுத்தது. அந்தக் கரையில் சின்னப் படகு வைத்திருப்பவர்களும் தமிழர்கள்தான், அவர்களுக்கு வேறு நியாயம். மீனவர் சொல்வதெல்லாம் அனுபவம், விஞ்ஞானி சொல்வதெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொன்றையும் கேட்டு, எண்ணி, சோதித்துத்தான் ஆக வேண்டும்.

அப்படிச் சோதித்த பிறகும், கிடைத்த பதில் பிடிக்கவில்லை என்பதற்காகத் தள்ளிய சம்பவம் ஐரோப்பாவில் நடந்தது. நெதர்லாந்து மீனவர்கள் நாக்கு மீன் வகை ஒன்றைப் பிடிக்கக் கடலடியில் கனமான சங்கிலிகளை இழுப்பார்கள். அதற்குப் பதில் மெல்லிய மின்துடிப்பைப் பாய்ச்சி மீனை மணலிலிருந்து எழுப்பும் முறை வந்தது. கேட்டவுடன் எனக்கும் பகீர் என்றுதான் இருந்தது. மின்சாரமா, கடலிலா? பிரெஞ்சு அமைப்பு ஒன்று இதை எதிர்த்துப் பெரிய இயக்கம் நடத்தியது. 2018 ஜனவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் தடைக்கு வாக்களித்தது. 2021இல் தடை முழுதாக நடப்புக்கு வந்தது. இதற்கு நடுவில், கடல் ஆய்வுக்கான அனைத்துலக மன்றம் ஆதாரங்களைத் திரட்டிப் பார்த்து, அந்த மீனைப் பிடிப்பதில் சங்கிலி இழுப்பதைவிட மின்துடிப்பு முறை கடலடிக்குக் குறைந்த கேடு செய்கிறது என்று சொல்லியிருந்தது. எரிபொருளும் கணிசமாக மிச்சம். பெரிய காட் மீன்களில் சிலவற்றுக்கு முதுகெலும்பு முறிந்தது உண்மை, அதையும் அந்த ஆய்வுகளே பதிவு செய்தன.

எதிர்த்தவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. மீன்பிடிக் கப்பல்களில் ஐந்து விழுக்காடு மட்டும் மின்துடிப்பைப் பயன்படுத்தலாம் என்று கொடுக்கப்பட்ட விலக்கை மீறி நெதர்லாந்து உரிமங்களை அள்ளிக் கொடுத்தது. பக்கத்து நாட்டுச் சின்னப் படகுக்காரர்கள் தங்கள் கடலில் மீன் இல்லை என்று குமுறினார்கள். அது பங்கு பற்றிய சண்டை, நேர்மையின்மை பற்றிய சண்டை. அதை அப்படியே சொல்லிப் போராடியிருக்கலாம். அறிவியல் எங்கள் பக்கம் என்று சொல்லித் தடை வாங்கியதன் விளைவு, கனமான சங்கிலி மறுபடியும் கடலடிக்குப் போயிற்று. நெதர்லாந்து வழக்குப் போட்டுத் தோற்றது. சட்டம் இயற்றுகிறவர்கள் அறிவியல் கருத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். சட்டப்படி சரியாக இருக்கலாம். கடலடிக்கு அதனால் என்ன நன்மை?

ஐரோப்பாவை விடுவோம், ஜூரோங்குக்கு வருவோம். எனக்கு இதைப் பற்றித்தான் உங்களிடம் அதிகம் பேச வேண்டும்.

1969இலிருந்து ஜூரோங் மீன்பிடித் துறைமுகம் நடந்துவருகிறது. செனோக்கோ மீன்பிடித் துறைமுகத்தை மூடி அதையும் ஜூரோங்கோடு சேர்த்துவிட்ட பிறகு, இந்தத் தீவுக்கு வரும் மீனுக்கு அதுதான் பெரிய வாசல். நள்ளிரவு தாண்டிப் போனால் தெரியும். மலேசியாவிலிருந்து லாரிகள், இந்தோனீசியாவிலிருந்து படகுகள், விமானத்தில் வந்த பெட்டிகள். ஈரத் தரையில் பனிக்கட்டிக்கு நடுவே கெம்போங், தெங்கிரி, கொடுவா, ஆங்கோலி, திருக்கை என்று கொட்டிக் கிடக்கும். நாம் சாப்பிடுவதில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது என்று எல்லாருக்கும் மனப்பாடம். அந்த மீன் எந்தக் கடலில், எந்த வலையில், எந்த இனமாகப் பிடிபட்டது என்று கேட்டால் டவ்கே, அதாவது மீன் முதலாளி, சிரிப்பார். "இந்தோ மீன், ஃப்ரெஷ்" என்பார். அதற்குமேல் அவருக்கும் தெரியாது.

உலகத்து மீன் பிடிப்பில் ஏறக்குறைய பாதிக்கு முறையான இருப்பு மதிப்பீடு இருக்கிறது. 2020இல் வந்த ஓர் ஆய்வின்படி அந்தப் பாதியில் மீன் இருப்பு, சராசரியாகப் பார்த்தால் கூடிவருகிறது. மிச்சப் பாதி பெரும்பாலும் நம் பக்கத்துக் கடல்கள்: தென்னாசியா, தென்கிழக்காசியா. அங்கே எண்ணுவதற்கு ஆள் இல்லை, கப்பல் இல்லை, பணம் இல்லை. எண்ணப்படாத மீன்வளங்கள் எண்ணப்பட்டவற்றைவிட மோசமான நிலையில் இருக்கின்றன என்று 2012இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆகவே கவலைப்பட நமக்குத்தான் அதிகக் காரணம். அதில் உங்களோடு நான் முழுக்க உடன்படுகிறேன்.

ஆனால் அந்தத் தம்பி கொண்டுவந்த பட்டியலைப் பாருங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு. மதிப்பீடு செய்யப்பட்டு, அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டது என்று தெரிந்த மீனும் சிவப்பு. ஒன்றுமே தெரியாததால் எச்சரிக்கைக்காக வைத்த மீனும் சிவப்பு. தெரியாது என்பதும் தீர்ந்துபோயிற்று என்பதும் ஒன்றா? எச்சரிக்கையாக இருக்கலாம், தப்பில்லை. எச்சரிக்கை என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பச்சையில் இருப்பவற்றில் எத்தனை, சான்றிதழ் வாங்க வசதியுள்ள பணக்கார நாட்டு நிறுவனங்களின் மீன் என்று பாருங்கள். சான்றிதழுக்கு ஆய்வு வேண்டும், தணிக்கை வேண்டும், ஆண்டுதோறும் பணம் வேண்டும். மலேசியாவின் பத்து பஹாட்டில் ஓர் ஆள் ஒரு படகில் செவுள் வலை போட்டுக் கொண்டுவரும் மீனுக்கு அதெல்லாம் யார் கட்டுவது? அவருடைய மீனை என் வாடிக்கையாளர் ஒதுக்கிவிட்டு, விமானத்தில் வந்த சால்மனை மனநிறைவோடு வாங்கினால் மலாக்கா நீரிணைக்கு என்ன ஆயிற்று? ஒரு நெத்திலிகூடக் கூடவில்லை.

சுறா விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சுறாத் துடுப்பு வணிகத்தில் மதிப்பு அடிப்படையில் சிங்கப்பூர் ஹாங்காங்குக்கு அடுத்த இடத்தில் இருந்தது என்று 2017இல் ஒரு கூட்டறிக்கை வந்தது. உங்கள் தரப்பு செய்த நல்ல வேலைகளில் அது ஒன்று. சீனக் கல்யாண விருந்தில் துடுப்புச் சூப்பு வேண்டாம் என்று ஊரெல்லாம் பிரசாரம். சரி. ஆனால் தேக்காவில் சுறா வாங்குகிறவர் யார்? பிள்ளை பெற்ற மகளுக்குப் பால் சுரக்க வேண்டும் என்று பால்சுறா தேடி வரும் நம்ம அம்மாக்கள். பூண்டு நிறையத் தட்டிப்போட்ட சுறாப் புட்டு இல்லாத பிரசவ வீடு உண்டா? இத்தனை ஆண்டுப் பிரசாரத்தில் அவர்களிடம் வந்து பேசிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. தமிழில் ஒரு துண்டுத்தாளும் என் கண்ணில் படவில்லை.

பேச என்ன இருக்கிறது என்றால், நிறைய இருக்கிறது. 2022இல் பனாமாவில், அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மாநாட்டில் ரெக்வியம் சுறாக் குடும்பம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். பால்சுறா என்று நாம் வாங்கும் சின்னச் சுறாக்களும் அந்தக் குடும்பம்தான். இரண்டாம் பட்டியல் என்றால் தடை இல்லை. இந்த வணிகத்தால் அந்த இனத்தின் பிழைப்புக்குக் கேடு வராது என்று ஏற்றுமதி செய்யும் நாட்டின் அறிவியல் அதிகாரிகள் கண்டறிந்து சொன்ன பிறகுதான் உரிமம் கொடுக்க வேண்டும். அந்தக் கண்டறிதல் உண்மையிலேயே எண்ணிப் பார்த்துச் செய்ததா, மேசையில் உட்கார்ந்து எழுதியதா? அறிவியல் ஒரு மீனுக்கு உதவுமா உதவாதா என்பது அந்தத் தாளில்தான் இருக்கிறது. இங்கே தேசியப் பூங்காக் கழகம் அந்தத் தாள்களைச் சரிபார்க்கிறது. நீங்கள் அவற்றைக் கேட்டுப் படித்து, ஓட்டை இருந்தால் சுட்டிக்காட்டலாம். சுவரொட்டி அளவுக்குக் கவர்ச்சியான வேலை இல்லைதான்.

சின்னச் சுறா சில இரண்டு மூன்று ஆண்டிலேயே குட்டி போடும். கொம்பன் சுறாப் பெண் பருவமடையப் பத்தாண்டுக்கும் மேல் ஆகும். ஒன்றை அளவோடு பிடித்தால் தாங்கும், மற்றது தாங்காது. ஆனால் சந்தைத் தட்டில் தலையும் துடுப்பும் போன பிறகு இரண்டும் ஒன்றுபோலத்தான் கிடக்கும். பெரிய இனத்தின் குட்டியும் பால்சுறா என்றே விலைபோகும். இதை என்னாலேயே பிரிக்க முடியாது, வாங்குகிற அம்மாவால் எப்படி முடியும்?

இதைப் பிரித்துக் காட்டியவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஆராய்ச்சியாளர்கள் ஜூரோங் துறைமுகத்துக்கு விடிவதற்கு முன்பே போய்ச் சுறாக்களையும் திருக்கைகளையும் இனம் பிரித்துப் பதிவு செய்தார்கள். பெரும்பாலானவை இந்தோனீசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்தவை. மிகவும் அருகிவிட்ட உழுவை மீன் வகைகளும் அவற்றில் இருந்தன. அப்புறம் 2022இல் யேல்-என்யுஎஸ் கல்லூரி ஆய்வாளர்கள் இங்கே விற்கும் பூனை, நாய் உணவுப் பொட்டலங்களை வாங்கி மரபணுச் சோதனை செய்தார்கள். 144 மாதிரிகளில் 45இல் சுறா இருந்தது. எந்தப் பொட்டலத்திலும் சுறா என்ற பேச்சே இல்லை. 'மீன்', 'கடல் மீன்', 'வெள்ளை மீன்' என்றுதான் பெரும்பாலும் அச்சிட்டிருந்தார்கள். கல்யாணத்தில் சூப்பு வேண்டாம் என்று உறுதிமொழி எடுத்தவர் வீட்டுப் பூனை பட்டுச் சுறாவைத் தின்றிருக்கலாம்! எனக்கு உங்கள் சுவரொட்டிகள் எல்லாவற்றையும்விட இந்த ஓர் ஆய்வு அதிகம் உறைத்தது. யாரையும் பயமுறுத்தவில்லை. வாங்கினார்கள், சோதித்தார்கள், எண்ணிச் சொன்னார்கள்.

இந்த மாதிரி வேலைக்கு உங்கள் நன்கொடையில் ஒரு பங்கு போகட்டும் என்பது என் கோரிக்கை. ஜூரோங்கில் ஆண்டு முழுக்க, இனம் பிரித்து, நீளம் அளந்து பதிவு செய்ய ஆள் வையுங்கள். தென்கிழக்காசிய மீன்வள மேம்பாட்டு மையம் 1967இலிருந்து இருக்கிறது, அதன் ஒரு பிரிவு சிங்கப்பூரிலேயே இருக்கிறது. அவர்களோடு சேர்ந்து செய்யலாம். மீன் எந்தக் கடலிலிருந்து, எந்த முறையில் வந்தது என்று இறக்குமதிப் பத்திரத்தில் எழுத வேண்டும் என்று சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் கேளுங்கள். என் போன்ற கடைக்காரர்களும் கூட வந்து கேட்கிறோம். பட்டியலில் சாம்பல் நிறம் ஒன்றைச் சேர்த்து, தெரியாததைத் தெரியாது என்று போடுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்த ஆண்டுக் கணக்கு என்று எழுதுங்கள். சூரை மீண்டது போன்ற சேதி வந்தால், கெட்ட சேதிக்குப் போட்ட அதே அளவு எழுத்தில் போடுங்கள். நல்ல சேதி சொன்னால் நன்கொடை குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். நெருக்கினால் மீன் திரும்பி வரும் என்று தெரிந்தால்தான் என் போன்றவன் பாக்கெட்டில் கை விடுவான்.

சுறாவைப் பற்றித் தமிழில் ஒரு துண்டுத்தாள் அடித்துக் கொடுத்தால் என் கல்லாப்பெட்டி பக்கத்திலேயே வைக்கிறேன். எந்தச் சுறா தாங்கும், எது தாங்காது, பால்சுறாவுக்குப் பதிலாகப் பிரசவ வீட்டில் வேறு எந்த மீனைக் கொடுக்கலாம் என்று அதில் இருக்கட்டும். அந்தக் கடைசிக் கேள்விக்கு எங்கள் அம்மாக்களிடமே பதில் இருக்கும், வந்து கேளுங்கள்.

என் பக்கமிருந்து ஒன்று தருகிறேன். எந்த நாளில், யாரிடம், என்ன மீன், எத்தனை கிலோ, கிலோ என்ன வெள்ளி என்று கொள்முதல் நோட்டு எழுதும் பழக்கம் எங்கள் கடையில் அப்பா காலத்திலிருந்து உண்டு. அது ஆராய்ச்சி இல்லை, இனப் பெயரெல்லாம் சந்தைப் பெயர்தான். ஆனாலும் ஒரே கடை, ஒரே துறைமுகம், விடாமல் எழுதியது. எந்த மீன் எப்போது வருவது குறைந்தது, எது புதிதாக வந்தது என்று பார்க்கத் தெரிந்தவருக்கு அதில் ஏதாவது கிடைக்கலாம். நகல் எடுத்துக்கொள்ள ஆள் அனுப்புங்கள். காலை பத்து மணிக்கு மேல், பதினொன்றரைக்கு முன்னால் வரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எனக்குப் பேச நேரம் இருக்காது. அந்தத் தங்கச்சியே வந்தால் நல்லது, பாதியில் விட்ட பேச்சு ஒன்று பாக்கியிருக்கிறது.

இப்படிக்கு,
தேக்காவில் மீன் கறி விற்கும் ஒருவன்